ஆசிரியர் இல்லாமல் கிட்டார்: சுயபயிற்சியின் வரலாறு

கிட்டாரையும் பேஸ் கிட்டாரையும் முறையான ஆசிரியரிடம் செல்லாமல் தாமே கற்றுக்கொள்ளும் வழக்கம் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு வரலாறு உடையது. அச்சு நூல், எழுத்துக் குறியீடு, மலிவு விலைக் கருவி, இசைத்தட்டு, தொலைக்காட்சி, இணையம் என ஒவ்வொரு காலத்திலும் ஏதேனும் ஒன்று ஆசிரியரின் இடத்தை நிரப்பியது. கட்டணம் கொடுத்துக் கற்க இயலாதவர்களும் இசைக்கூடங்களின் வாசலில் அனுமதிக்கப்படாதவர்களும் இந்த வழியாகவே இசைக்குள் நுழைந்தனர். இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இசையை உருவாக்கியவர்களில் பலர் இவ்வாறு வந்தவர்களே. ஆனால் சுயமாகக் கற்றவர் எனப்படுபவர் தனியாகக் கற்றவர் அல்லர் என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது.

சுயபயிற்சிக்கு ஏற்ற கருவி

எல்லா இசைக்கருவிகளும் சுயபயிற்சிக்கு ஒரே அளவில் இடம் தருவதில்லை. வயலினில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. விரல் சிறிது விலகினாலும் சுருதி பிசகும். அதைத் திருத்த அருகில் தேர்ந்த காது ஒன்று வேண்டும். கிட்டாரில் வீணையில் உள்ளதைப் போன்ற மெட்டுகள் உண்டு. இரு மெட்டுகளுக்கு இடையே தந்தியை எங்கு அழுத்தினாலும் ஏறத்தாழ ஒரே சுரம் எழும். தந்திகள் சரியாகச் சுருதி கூட்டப்பட்டிருந்தால் முதல் நாள் கற்பவரும் பிழையின்றி ஒரு சுரத்தை எழுப்பலாம்.

இரண்டாவது காரணம் கார்டு. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் சுரக்கூட்டே கார்டு எனப்படுகிறது. கிட்டாரில் ஒவ்வொரு கார்டும் இடக்கை விரல்களின் ஒரு வடிவமாக அமைகிறது. அந்த வடிவத்தைப் படமாக வரையலாம், எழுத்தால் பெயரிடலாம், மனத்தில் பதிக்கலாம். மூன்று அல்லது நான்கு வடிவங்களைக் கற்றவர் நூற்றுக்கணக்கான பாடல்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க முடியும். இசை இலக்கணம் அறியாதவருக்கும் இது இயலும். சுயபயிற்சிக்கான சாதனங்கள் அனைத்தும் இந்த இரு இயல்புகளின் மேல் எழுந்தவை.

நூல் ஆசிரியராதல்

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் கிட்டாரின் நெருங்கிய உறவான விஹுவேலா என்னும் தந்திக் கருவி செல்வர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. 1536-ல் வலென்சியா நகரில் லூயிஸ் மிலான் அக்கருவிக்கான நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் ‘எல் மாயெஸ்த்ரோ’. ஸ்பானிய மொழியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். கருவியை அதுவரை தொடாத மாணவருக்கு ஓர் ஆசிரியர் எந்த வரிசையில் கற்பிப்பாரோ அதே வரிசையில், எளியவற்றை முதல் பகுதியிலும் கடினமானவற்றை இரண்டாம் பகுதியிலும் மிலான் அமைத்தார்.

அந்நூலில் இசை எழுதப்பட்ட முறை டேப்லேச்சர் எனப்படுகிறது. சுரத்தின் பெயரைச் சொல்லாமல், விரல் வைக்க வேண்டிய இடத்தை மட்டும் சொல்வது அதன் இயல்பு. ஒவ்வொரு கோடும் ஒரு தந்தியைக் குறிக்கும். கோட்டின் மேல் உள்ள எண் மெட்டைக் குறிக்கும். அக்கால இத்தாலிய நூல்களில் தாழ்ந்த சுருதியுள்ள தந்தி மேல் கோட்டில் எழுதப்பட்டது. மிலான் உயர்ந்த சுருதியுள்ள தந்தியை மேல் கோட்டில் வைத்தார். இன்று இணையத்தில் காணப்படும் கிட்டார் டேப்களும் இதே வரிசையையே பின்பற்றுகின்றன.

சுருதி கூட்டுவதற்கு இசைக்கவையோ மின்கருவியோ இல்லாத காலம் அது. முதல் தந்தியை அது தாங்கும் அளவுக்கு உயர்த்தி முறுக்கிக்கொண்டு, மற்றவற்றை அதற்கு இசைவாக அமைக்க வேண்டும் என்று மிலான் வழி காட்டினார். வீட்டில் தனியாக அமர்ந்திருக்கும் கற்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்பு அது.

எழுத்துகளில் அடங்கிய கார்டுகள்

விஹுவேலா அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலும் ஒலித்தபோது, ஐந்து இணைத் தந்திகள் கொண்ட கிட்டார் தெருவிலும் சாவடியிலும் ஒலித்தது. கத்தலோனியாவைச் சேர்ந்த மருத்துவரான ஜோன் கார்லஸ் அமாத் 1596-ல் இக்கருவிக்கு ஒரு சிறு நூல் எழுதினார். அதில் 12 பெரும் கார்டுகளும் 12 சிறு கார்டுகளும் எண்களால் குறிக்கப்பட்டன. எண்களை அறிந்தவர் இசைக்குறிப்பு அறியாமலே பாடலுக்கு வாசிக்கலாம். அந்த நூல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது.

இத்தாலியில் எண்களுக்கு மாற்றாக எழுத்துகள் வந்தன. 1606-ல் ஃபுளோரன்ஸ் நகரில் ஜிரோலமோ மோந்தேசார்தோ வெளியிட்ட நூல், அல்ஃபபேத்தோ எனப்படும் எழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு விரல் வடிவத்தைக் குறித்தது. கோட்டின் கீழும் மேலும் இடப்பட்ட குறிகள் வலக்கை வீச்சின் திசையைக் காட்டின. எண்களும் சுரக்குறிகளும் இல்லாமல், ஆசிரியரும் இல்லாமல், எவரும் தாமே கற்கலாம் என்ற உறுதிமொழி நூலின் தலைப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் கிட்டார் நூல் விற்றவர்கள் அனைவரும் ஏதேனும் ஒரு வடிவில் இதே உறுதிமொழியைத் தந்தனர்.

இந்த எளிமை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. செபாஸ்தியான் தே கொவாருபியாஸ் 1611-ல் வெளியிட்ட ஸ்பானிய அகராதியில் விஹுவேலாவின் வீழ்ச்சிக்கு வருந்தினார். கிட்டாரை மாட்டு மணியோடு ஒப்பிட்ட அவர், குதிரைக்காரச் சிறுவர்கள்கூட அதை வாசிக்கும் அளவுக்கு அது எளிதாகிவிட்டது என்று குறைபட்டார். அவர் குறையாகக் கண்டது மற்றொரு கோணத்தில் ஒரு சான்று. ஆசிரியருக்குக் கட்டணம் தர வழியில்லாத குதிரைக்காரச் சிறுவனின் கையிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைக்கருவி இருந்தது.

1674-ல் காஸ்பர் சான்ஸ் சரகோசாவில் வெளியிட்ட பயிற்சி நூல், எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் வருடும் முறையையும் தந்திகளைத் தனித்தனியே மீட்டும் முறையையும் இணைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இணைத் தந்திகள் மறைந்து ஆறு ஒற்றைத் தந்திகள் நிலைபெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் கருல்லி, சோர், கார்காசி ஆகியோர் எழுதிய பயிற்சி நூல்கள் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தன. இவை ஐந்துகோட்டு இசைக்குறிப்பைப் பயன்படுத்தின. எனவே கற்பவர் முதலில் அதைப் படிக்கப் பழக வேண்டியிருந்தது. எழுத்துக் குறியீடு திறந்து வைத்த கதவு இதனால் சற்றே மூடியது.

1893-ல் பிறந்த இருவர்

சுயபயிற்சியின் இரு முகங்களை ஒரே ஆண்டில் பிறந்த இருவரின் வாழ்க்கையில் காணலாம். ஆந்த்ரேஸ் செகோவியா 1893-ல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் பிறந்தார். அக்காலத்தில் கிட்டார் மதிப்புக்குரிய மேடைக் கருவியாகக் கருதப்படவில்லை. குடும்பத்தினரும் அவர் கிட்டார் வாசிப்பதை விரும்பவில்லை. கிடைத்த இசைநூல்களைக் கொண்டு தாமே கற்ற அவர், தமக்குத் தாமே ஆசிரியரும் மாணவரும் என்று பிற்காலத்தில் கூறிவந்தார். 1909-ல் கிரனாடாவில் முதல் கச்சேரி செய்தார். பின்னர் உலகின் பெரிய இசை அரங்குகளுக்குக் கிட்டாரைக் கொண்டு சென்றார்.

எலிசபெத் காட்டன் அதே 1893-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஆண்டுகளில் சியர்ஸ் முதலிய அஞ்சல்வழி வணிக நிறுவனங்கள் தம் பட்டியல்களில் சில டாலர் விலையில் கிட்டார்களை விற்கத் தொடங்கியிருந்தன. நகரத்துக் கடைகளை எட்ட முடியாத கிராமங்களுக்கும் கருவி சென்றது. காட்டன் முதலில் அண்ணன் வீட்டில் இல்லாத நேரங்களில் அவருடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகினார். பிறகு பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குச் சென்று சேர்த்த பணத்தில், 3.75 டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார்.

காட்டன் இடக்கைப் பழக்கம் உடையவர். கிட்டாரோ வலக்கைக்காரர்களுக்காகத் தந்தி கட்டப்பட்டது. தந்திகளை மாற்றிக் கட்டாமல் கருவியை அப்படியே திருப்பிப் பிடித்து அவர் வாசித்தார். இதனால் கனத்த தந்திகள் கீழேயும் மெல்லிய தந்திகள் மேலேயும் வந்தன. மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் தாழ்சுரங்களை அவர் விரல்களால் வாசித்தார். மற்றவர்கள் விரல்களால் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் முதல் பாடத்திலேயே இது திருத்தப்பட்டிருக்கும். திருத்த ஆள் இல்லாததால் உருவான அந்த வாசிப்பு ‘காட்டன் பாணி’ என்று பெயர் பெற்றது.

‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ என்ற பாடலை அவர் பதின்பருவத்தின் தொடக்கத்தில் உருவாக்கினார். பின்னர் குடும்பமும் தேவாலயமும் வேலையும் அவரைக் கிட்டாரிடமிருந்து பல பத்தாண்டுகள் பிரித்தன. வாஷிங்டனில் இசை ஆய்வாளர்களான சீகர் குடும்பத்தின் வீட்டில் பணிபுரிந்தபோது, அங்கிருந்த கிட்டாரை எடுத்து அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். அவ்வீட்டின் மகன் மைக் சீகர் செய்த ஒலிப்பதிவுகள் 1958-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. அப்போது காட்டனின் வயது அறுபதைக் கடந்திருந்தது.

செகோவியா, காட்டன் இருவரும் 1987 ஜூன் மாதத்தில் மறைந்தனர். இருவரும் சுயமாகக் கற்றவர்கள். ஒருவர் பதினாறு வயதில் மேடை ஏறினார். மற்றவர் மேடைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தார். இனமும் வறுமையும் பாலினமும் அந்த இடைவெளியை உண்டாக்கின. சுயபயிற்சி கருவியைக் கையில் கொடுத்தது. அரங்கின் கதவைத் திறக்கும் வலிமை அதற்கு இருக்கவில்லை.

பிரிட்டனின் ஸ்கிஃபிள் அலை

சீகர் குடும்பத்தின் மகள் பெக்கி சீகர், காட்டனின் பாடலை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அங்கு அப்போது ஸ்கிஃபிள் என்னும் இசை அலை எழுந்திருந்தது. லானி டோனகன் பாடிய ‘ராக் ஐலண்ட் லைன்’ 1956-ல் பெரும் வெற்றி பெற்றதிலிருந்து, பள்ளி மாணவர்களும் தொழிற்சாலைப் பயிற்சியாளர்களும் குழுக்கள் அமைத்தனர். மலிவான கிட்டார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டி ஆகியவையே கருவிகள். 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழு ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாடலைப் பதிவுசெய்து புகழடைந்தது. இசைத்தட்டில் காட்டனின் பெயர் இல்லை. வேறு இருவர் பாடலை இயற்றியவர்களாகக் குறிக்கப்பட்டனர். காதால் கற்று, கையால் கடத்தும் மரபு எழுத்து ஆவணத்தையும் பதிப்புரிமையையும் எதிர்கொண்டபோது யார் இழப்பார் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. உரிமையின் ஒரு பகுதி பின்னரே அவருக்குக் கிடைத்தது.

அதே 1957-ல் கிட்டார் கலைஞர் பெர்ட் வீடன் எழுதிய ‘பிளே இன் எ டே’ வெளிவந்தது. ஒரே நாளில் வாசிக்கலாம் என்ற தலைப்பு, மோந்தேசார்தோவின் பழைய உறுதிமொழியின் மறுபிறப்பு. அந்த நூல் 20 லட்சத்துக்கும் மேல் விற்றதாகக் கூறப்படுகிறது. எரிக் கிளாப்டன், பிரையன் மே உள்ளிட்ட பலர் அதில் தொடங்கியவர்கள். எவரும் ஒரே நாளில் கற்கவில்லை. ஆனால் முதல் நாளிலேயே ஒரு பாடலை அடையாளம் தெரியும் அளவுக்கு வாசிக்க முடிந்தது, அடுத்த நாளும் கருவியை எடுக்க வைத்தது.

நூலில் இல்லாததை நண்பர்கள் நிரப்பினர். ஜான் லெனனுக்கு அவருடைய தாய் ஜூலியா, தாம் அறிந்த பாஞ்சோ கார்டுகளைக் கற்றுக்கொடுத்தார். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலில் லெனனைச் சந்தித்த பால் மெக்கார்ட்னி, கிட்டாருக்குச் சரியாகச் சுருதி கூட்டத் தெரிந்தவராக இருந்ததே அந்தக் குழுவினருக்கு வியப்பளித்தது. பி7 என்ற ஒரு கார்டு தெரிந்தவர் நகரின் மறுகோடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் கற்கப் பேருந்தில் சென்றதை மெக்கார்ட்னி பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பேஸ் கிட்டார்: ஆசிரியரே இல்லாத கருவி

ஸ்கிஃபிள் குழுக்களில் தாழ்சுரம் எழுப்பியது தேயிலைப் பெட்டி. கவிழ்த்த பெட்டியில் ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, கழிக்கும் பெட்டிக்கும் இடையே கயிறு கட்டி அதை மீட்டினர். கழியைச் சாய்த்தால் சுருதி மாறும். துல்லியம் அதில் எதிர்பார்க்கப்படவில்லை.

அமெரிக்காவில் இதற்கு வேறொரு விடை ஏற்கெனவே பிறந்திருந்தது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951-ல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின் கருவியை அறிமுகம் செய்தார். அதுவரை தாழ்சுரத்துக்கு ஆளுயர டபுள் பேஸ் தேவைப்பட்டது. அதற்கு மெட்டுகள் இல்லை. பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். புதிய கருவியில் மெட்டுகள் இருந்தன. அவை தரும் சுருதித் துல்லியமே கருவியின் பெயரானது. நான்கு தந்திகளும் கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளைப் போலவே, ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டப்பட்டன. எனவே கிட்டார் அறிந்தவர் உடனே பேஸுக்கு மாறலாம். கருவியை வடிவமைத்த ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

புதிய கருவிக்குத் தொடக்கத்தில் மரபும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. அதை எடுத்தவர்கள் எல்லோரும் ஒரு பொருளில் சுயமாகக் கற்றவர்களே. மெக்கார்ட்னி 1961-ல் குழுவின் பேஸ் கலைஞர் விலகியதால் அந்த இடத்துக்கு வந்தார். இடக்கைப் பழக்கம் உடைய அவர், இருபுறமும் ஒத்த வடிவம் கொண்ட ஹோஃப்னர் பேஸை ஹாம்பர்க்கில் வாங்கினார். லாஸ் ஏஞ்சலிஸில் கிட்டார் கலைஞரான கரோல் கே 1963-ல் ஒலிப்பதிவுக்கு வராத ஒருவருக்குப் பதிலாகப் பேஸை எடுத்தார். 1969-ல் அக்கருவிக்கான பயிற்சி நூலை எழுதினார். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், டபுள் பேஸிலிருந்து மின் பேஸுக்கு வந்தவர். அவர் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே தந்திகளை மீட்டினார். அவருடைய வாசிப்பைக் கேட்டே உலகெங்கும் பலர் பேஸ் கற்றனர். ஆனால் மோடவுன் வெளியீட்டில் அவருடைய பெயர் அச்சிடப்பட்டது 1971-ல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டில்தான். அதுவரை மாணவர்களுக்குத் தம் ஆசிரியரின் பெயரே தெரியாது.

இசைத்தட்டும் காதும்

நூல் விரலின் இடத்தைச் சொன்னது. இசைத்தட்டு ஒலியைத் தந்தது. இண்டியானாபொலிஸ் நகரத் தொழிலாளியான வெஸ் மான்ட்கோமரி, சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவருடைய தனி வாசிப்புகளை மனப்பாடமாகக் கற்றார். இரவில் பயிலும்போது வீட்டாரும் அண்டை வீட்டாரும் தொல்லைப்படாமல் இருக்க மீட்டுகோலை விட்டுக் கட்டைவிரலால் வாசித்தார் என்று கூறப்படுகிறது. அந்த மென்மையான ஒலியே அவருடைய அடையாளமாயிற்று. இசைக்குறிப்பைப் படிக்க அவர் கற்கவில்லை.

1950-களின் இசைத்தட்டு இயக்கிகள் பலவற்றில் நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்ற வேகமும் இருந்தது. 33⅓ சுற்றில் ஒலிக்க வேண்டிய தட்டை அதில் வைத்தால் வேகம் சரிபாதியாகும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். சுரங்களின் பெயர் மாறாது என்பதால், விரைவான வாசிப்பை மெதுவாகக் கேட்டுப் பிரித்தறிய இது உதவியது. பேஸ் கற்றவர்கள் இதற்கு எதிராகத் தட்டை 45 சுற்றில் ஓட்டுவதும் உண்டு. மங்கலாக ஒலிக்கும் தாழ்சுரங்கள் மேலெழுந்து தெளிவாகும்.

இசைத்தட்டு கையைக் காட்டவில்லை. கேட்டதை எந்தத் தந்தியில் எந்த விரலால் எழுப்புவது என்பதைக் கற்பவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே பாடலுக்குப் பல விரலமைப்புகள் தோன்றின. 1960-களில் பிரிட்டனில் ஜான் பியர்ஸ், அமெரிக்காவில் லாரா வெபர் ஆகியோர் நடத்திய தொலைக்காட்சிப் பாடங்கள் கையையும் காட்டின. ஆனால் ஒளிபரப்பை நிறுத்தியோ திருப்பியோ பார்க்க இயலவில்லை.

இணையம்

1992-ல் தொடங்கிய ‘ஆன்லைன் கிட்டார் ஆர்கைவ்’, ரசிகர்கள் கேட்டு எழுதிய டேப்களைத் திரட்டியது. கணினித் தட்டச்சில் சிறு கோடுகளை வரிசையாக இட்டு ஆறு தந்திகளை வரைந்து, இடையே எண்களை எழுதினர். மிலானின் முறை 450 ஆண்டுகளுக்குப் பின் தட்டச்சு வடிவில் திரும்பி வந்தது. எழுதியவர்களுக்கு ஊதியம் இல்லை. பிழைகளைப் பிறர் திருத்தினர். இசைப் பதிப்பாளர்கள் பதிப்புரிமை மீறல் என்று எதிர்த்ததால் 2006-ல் அத்தளத்தின் சேவை நின்றது. கேட்டுக் கற்றதை எழுதிப் பகிர்வது யாருடைய உரிமை என்ற வினா, காட்டனின் பாடலுக்குப் பின் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது.

2005-ல் யூடியூப் தொடங்கியதும் கை, ஒலி, விளக்கம் மூன்றும் ஒன்றுசேர்ந்தன. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம், மீண்டும் பார்க்கலாம். 2017-ல் ஃபெண்டர் நிறுவனமே கட்டண இணையப் பாடங்களைத் தொடங்கியது. புதிதாகக் கிட்டார் வாங்குவோரில் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள் கைவிடுகின்றனர் என்று அந்நிறுவனத்தின் தலைமை அப்போது கூறிவந்தது. பாடம் கிடைக்காதது இனி இடர் அல்ல என்பதை இக்கூற்று உணர்த்துகிறது.

சாதனங்கள் தராதவை

அல்ஃபபேத்தோ முதல் இணைய டேப் வரை எளிய குறியீடுகள் அனைத்திலும் ஒரு பொதுக்குறை உண்டு. விரல் எங்கே என்பதை அவை சொல்கின்றன. எப்போது, எவ்வளவு நேரம் என்பதைப் போதிய அளவு சொல்வதில்லை. தாளம் குறியீட்டுக்கு வெளியே நின்றது. எனவே கற்பவர் அந்தப் பாடலை முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியருக்கும் இன்றைய மாணவருக்கும் இது பொதுவானது.

இரண்டாவது குறை, நூலும் இசைத்தட்டும் காணொளியும் கற்பவரைக் கேட்பதில்லை. மணிக்கட்டு வளைந்திருப்பதையோ தாளம் ஓடுவதையோ அவை அறியா. ஒலிவாங்கி வழியாகச் சுருதியைச் சரிபார்க்கும் செயலிகள் இக்குறையின் ஒரு பகுதியைத் தீர்க்கின்றன. மீதியைத் தீர்ப்பவர் உடன் வாசிப்பவரே. லிவர்பூல் சிறுவர்கள் ஒரு கார்டுக்காகப் பேருந்து ஏறியதும், இணையத்தில் முகமறியாதவர்கள் ஒருவர் டேப்பை மற்றவர் திருத்தியதும் இதற்காகவே.

முறையான கல்வியின் இடத்தைச் சுயபயிற்சி முழுமையாக நிரப்பவில்லை. செகோவியாவும் கரோல் கேயும் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவே விளங்கினர். அக்கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது தொடங்க ஓர் இடம் தந்தது. குதிரைக்காரச் சிறுவனும், வீட்டு வேலை செய்து கிட்டார் வாங்கிய காட்டனும், தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிய மாணவர்களும் அந்த இடத்திலிருந்து தொடங்கினர்.